இரண்டே இல்லாத இரண்டின் அடுக்குகள்

1, 2, 11, 22, 121, 1012, 2101, 11202, 100111.

இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதி, அடுத்து வருவது என்ன என்று கேட்டால் வகுப்பில் ஆளுக்கொரு விதி சொல்வார்கள். 11, 22, 121 எல்லாம் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதானே என்பார் ஒருவர். 1012 வந்ததும் அந்த விதி உடைந்துவிடும். விடை மிக எளிது. இவை 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256 என்ற எண்கள்தாம். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இருமடங்கு. நாம் பத்துப் பத்தாகக் கட்டி எழுதுகிற எண்களை இங்கே மும்மூன்றாகக் கட்டி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, இந்த வரிசைக்குள் இருக்கும் ஒரு கேள்விக்கு உலகத்தில் எவரிடமும் விடை இல்லை. வரிசையின் கடைசியில் நிற்கும் 100111-ஐப் பாருங்கள். அதில் 2 என்ற இலக்கமே இல்லை. 1, 11 இரண்டிலும் இல்லை. இதற்குப் பிறகு, வரிசை எவ்வளவு தூரம் போனாலும், 2 இல்லாத எண் இன்னொன்று வருமா? வராது என்றார் ஹங்கேரியக் கணித அறிஞர் பால் ஏர்டிஷ். 1979-இல் அவர் இதை ஓர் ஊகமாக எழுதி வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது ஊகமாகவே இருக்கிறது.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் பாடத்தில் இருநிலை, எண்ணிலை, பதினாறு நிலை என்று எண் முறைகள் வருகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்குகளைத் தேர்வுக்காகப் பழகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்துக்குள் எவ்வளவு பெரிய வாசல் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தூணியும் கலமும்

அடிமானம் என்பது எத்தனை எத்தனையாகக் கட்டுகிறோம் என்ற கணக்கு. பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து, பத்துப் பத்துகள் சேர்ந்தால் ஒரு நூறு. இது பதின்ம முறை. பத்துதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாபிலோனியர்கள் அறுபது அறுபதாகக் கட்டினார்கள். நம் மணிக்கூண்டில் நிமிடமும் நொடியும் இன்றும் அப்படித்தான் ஓடுகின்றன.

எங்கள் பக்கத்தில் நெல் அளந்த கணக்கு இதைவிட அருமையான உதாரணம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. எல்லாம் இரட்டித்து இரட்டித்துப் போகிறது. ஆழாக்கில் சொன்னால் உழக்கு 2, உரி 4, நாழி 8, குறுணி 64, பதக்கு 128, தூணி 256. அதற்கு மேல் திடீரென்று கணக்கு மாறுகிறது: மூன்று தூணி ஒரு கலம். அப்பா களத்தில் நின்று, முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்று குரல் கொடுத்து அளக்கத் தொடங்குவார். பன்னிரண்டு மரக்கால் ஆனதும் ஒரு கலம். இரண்டும் மூன்றும் ஒரே அளவுமுறைக்குள் சந்திக்கும் இடம் அது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சந்திப்பைப் பற்றியதுதான்.

மூன்று அடிமானத்தில் இடமதிப்புகள் வலமிருந்து இடமாக 1, 3, 9, 27, 81, 243 என்று போகும். இலக்கங்கள் 0, 1, 2 மூன்று மட்டுமே. 256-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு 243 இருக்கிறது. மீதி 13. அதில் 81 இல்லை, 27 இல்லை. ஒரு 9, ஒரு 3, ஒரு 1. ஆக 100111. வேறு விதமாகச் சொன்னால், 2 என்ற இலக்கம் இல்லாத எண் என்பது 3-இன் அடுக்குகளில் ஒவ்வொன்றையும் அதிகம் போனால் ஒரே ஒரு முறை எடுத்துக் கூட்டிக் கிடைக்கும் எண். 256 = 243 + 9 + 3 + 1.

உறவுள்ள அடிமானம், உறவில்லாத அடிமானம்

இரண்டின் அடுக்குகளை இரண்டு அடிமானத்திலேயே எழுதினால் 1, 10, 100, 1000 என்று பூச்சியங்கள் கூடிக்கொண்டே போகும். நான்கில் எழுதினால் 1, 2, 10, 20, 100, 200. எட்டில் எழுதினால் 1, 2, 4, 10, 20, 40, 100. பதினாறில் 1, 2, 4, 8, 10, 20, 40, 80, 100. எந்த இடத்தில் என்ன வரும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். காரணம், 4, 8, 16 எல்லாம் 2-இன் அடுக்குகளே. ஒரே இரத்தம்.

ஆறில் எழுதிப் பாருங்கள்: 1, 2, 4, 12, 24, 52, 144, 332, 1104. கடைசி இலக்கம் 2, 4, 2, 4 என்று ஒழுங்காக வருகிறது. முன்னால் இருப்பவற்றில் அப்படி ஒரு ஒழுங்கு கண்ணுக்குப் படவில்லை. ஆறுக்குள் இரண்டும் இருக்கிறது, மூன்றும் இருக்கிறது. பாதி உறவு.

மூன்றுக்கும் இரண்டுக்கும் உறவே கிடையாது. 2-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 3-இன் எந்த அடுக்கும் வராது. ஒன்று எப்போதும் இரட்டைப்படை, மற்றது எப்போதும் ஒற்றைப்படை. எண் அதே எண்தான். கட்டும் முறையை மாற்றியதும் பூச்சியங்கள் வரிசைகட்டி நின்ற இடத்தில் ஒழுங்கே தெரியாத ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. இந்த மாற்றம் ஏன் நடக்கிறது என்று பார்க்க, ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

மும்மூன்றாய் இரட்டிப்பது

மூன்று அடிமானத்தில் இரட்டிப்பதற்கு வேண்டிய வாய்பாடு மொத்தமே மூன்று வரி. 0-ஐ இரட்டித்தால் 0. 1-ஐ இரட்டித்தால் 2. 2-ஐ இரட்டித்தால் நான்கு. அதில் ஒரு மூன்று அடங்கியிருப்பதால் 1 போட்டு, கையில் 1. கையில் இருப்பதை இடப்பக்கத்து இலக்கத்தின் இரட்டிப்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

128-ஐ எடுப்போம். மூன்று அடிமானத்தில் அது 11202. வலது ஓரத்தில் 2: இரட்டித்தால் 4, 1 போட்டு கையில் 1. அடுத்து 0: இரட்டித்தால் 0, கையிருப்பைச் சேர்த்தால் 1. அடுத்து 2: மறுபடி 1 போட்டு கையில் 1. அடுத்து 1: இரட்டித்தால் 2, கையிருப்போடு 3, 0 போட்டு கையில் 1. அடுத்த 1-க்கும் அதே கதை: 0 போட்டு கையில் 1. கடைசியில் அந்தக் கையிருப்பு 1-ஐ முன்னால் போட வேண்டும். விடை 100111.

என் மாணவி ஒருத்தி மாலைச் சிறப்பு வகுப்பில் இந்த இடத்துக்கு வந்ததும் சுண்ணக்கட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“டீச்சர், இதுல ரெண்டே இல்ல!”

“ஆமா. அடுத்ததைப் போடு.”

200222 என்று போட்டாள். அதற்கடுத்து 1101221. பிறகு 2210212, 12121201, 102020102. கரும்பலகை நிறைந்தது. ஒவ்வொன்றிலும் 2 இருந்தது.

“இன்னொண்ணு வருமா டீச்சர்?”

“தெரியல. யாருக்கும் தெரியாது.”

வகுப்பு சட்டென்று அமைதியானது. கணக்குப் பாடத்தில் ஒரு கேள்விக்கு யாருக்கும் விடை தெரியாது என்பதை அவர்கள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

128 எப்படி இரண்டே இல்லாத 256 ஆனது என்று திரும்பிப் பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். இரட்டிக்கும்போது 2 தோன்ற இரண்டு வழிகள் உண்டு. கையிருப்பு வந்து சேராத 1 இரட்டித்து 2 ஆகும். கையிருப்பு வந்து சேர்ந்த 2 இரட்டித்து ஐந்தாகி, 2 போட்டு கையில் 1 என்று நிற்கும். ஆகவே விடையில் 2 வரக்கூடாது என்றால் எண்ணில் உள்ள ஒவ்வொரு 1-க்கும் வலப்பக்கத்திலிருந்து கையிருப்பு வந்தாக வேண்டும். ஒவ்வொரு 2-க்கும் கையிருப்பு வராமல் இருக்க வேண்டும். 11202-இல் இரண்டு 1-களும் ஒரு 2-க்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன. இரண்டு 2-களுக்கும் நடுவே 0 நின்று காப்பாற்றுகிறது. இத்தனையும் ஒரே எண்ணில் அமைந்தால்தான் உண்டு. ஐந்து இலக்கத்தில் அமைந்தது. ஐந்நூறு இலக்கத்தில் அமையுமா?

இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். 2-இன் அடுக்குகளை மூன்று அடிமானத்தில் எழுதினால், முதல் எண்ணான 1-ஐத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை. 1012-இல் இரண்டு, 100111-இல் நான்கு, 200222-இல் ஒன்றுமே இல்லை. காரணம் எளிது. 1, 3, 9, 27 எல்லா இடமதிப்புகளும் ஒற்றைப்படை. மொத்த எண் இரட்டைப்படையாக வர வேண்டுமென்றால் இலக்கங்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். 2-கள் அதைப் பாதிப்பதில்லை, எனவே 1-கள் ஜோடி ஜோடியாகத்தான் வர முடியும். இப்படிச் சின்னச் சின்ன உறுதிகள் கையில் கிடைக்கின்றன. பெரிய கேள்வி மட்டும் அசையவில்லை.

இரு முனையும் தெரியும், நடு தெரியாது

2-இன் ஆயிரமாவது அடுக்கை மூன்று அடிமானத்தில் எழுதினால் 631 இலக்கங்கள் வரும். அது 220 என்று தொடங்கி 221 என்று முடியும். முழுப் பெருக்கலையும் செய்யாமலே இதைச் சொல்ல முடிகிறது. எப்படி?

கடைசி இலக்கங்கள் சுழன்று சுழன்று வருகின்றன. கடைசி ஓர் இலக்கம் 1, 2, 1, 2 என்று மாறும். கடைசி இரண்டு இலக்கங்கள் 01, 02, 11, 22, 21, 12 என்று ஆறு படிக்கு ஒரு முறை திரும்ப வரும். கடைசி மூன்றுக்குச் சுற்று 18. கடைசி நான்குக்கு 54. இலக்கம் ஒன்று கூடினால் சுற்று மூன்று மடங்காகும். 1000-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி 10. ஆகவே ஆயிரமாவது அடுக்கின் கடைசி மூன்று இலக்கங்களும் பத்தாவது அடுக்கான 1101221-இன் கடைசி மூன்றும் ஒன்றே.

முதல் இலக்கங்களுக்கு மடக்கை போதும். மூன்றை அடிமானமாகக் கொண்டால் 2-இன் மடக்கை 0.63093 என்று தொடங்கும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் 630.93. முழுப்பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை வந்துவிடும். பின்னப்பகுதி தொடக்க இலக்கங்களைச் சொல்கிறது.

இரு முனையிலும் சில இலக்கங்கள் இப்படிக் கைக்கு வருகின்றன. நடுவில் இருக்கும் அறுநூற்றுச் சொச்சம் இலக்கங்களுக்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை. கணிப்பொறியில் போட்டால் ஒரு நொடியில் வந்துவிடும், உண்மைதான். ஆனால் ஆயிரமாவதுக்குப் போட்டால் ஆயிரமாவது தெரியும், அவ்வளவே. எல்லா அடுக்குகளுக்கும் பொருந்தும்படி நடு இலக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இன்றைய கணிதத்திடம் கருவி இல்லை. அந்த ஊகத்தை எழுதியபோதே, இதைத் தாக்க நம்மிடம் எந்த முறையும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற கருத்தையும் ஏர்டிஷ் சேர்த்தே சொல்லியிருந்தார்.

எல்லோரும் ஊகத்தை நம்புவதற்குக் காரணம் நிகழ்தகவு. நடு இலக்கங்கள் 0, 1, 2 மூன்றும் சம வாய்ப்போடு விழுவதாக வைத்துக்கொண்டால், ஓர் இலக்கம் 2 ஆக இல்லாமல் தப்பிக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. நூறாவது அடுக்கில் 64 இலக்கங்கள். அறுபத்து நான்கும் தப்பிக்க, சுமார் இருபதாயிரம் கோடியில் ஒரு வாய்ப்பு. மேலே போகப் போக இன்னும் சுருங்கும். ஆனால் 2-இன் அடுக்குகளை யாரும் பகடை உருட்டி எழுதவில்லை. ஒவ்வொரு இலக்கமும் முந்தைய வரியிலிருந்து பிசகாமல் பிறக்கிறது. வாய்ப்புக் கணக்கு நம்பிக்கை தரும், நிரூபணம் தராது.

சல்லடை

நிரூபணம் இல்லாவிட்டாலும், எவ்வளவு தூரம் வரை 2 இல்லாத எண் வரவில்லை என்று பார்க்கலாம் அல்லவா? இதற்கு ஒவ்வோர் அடுக்கையும் முழுதாக எழுதிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இலக்கங்களின் சுற்றே சல்லடையாகப் பயன்படுகிறது.

ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் 2-இல் முடியும். அவற்றை மொத்தமாகத் தள்ளிவிடலாம். கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால், ஆறு படி கொண்ட சுற்றில் 01, 11 என்ற இரண்டு மட்டுமே மிஞ்சும். கடைசி மூன்றைப் பார்த்தால் 18-இல் நான்கு மட்டும்: அடுக்கை 18-ஆல் வகுத்தால் மீதி 0, 2, 6, 8 ஆக இருப்பவை. ஆறாவது அடுக்கான 64 இந்தச் சல்லடையில் தங்கிவிடுகிறது, ஏனெனில் 2101-இன் கடைசி மூன்றில் 2 இல்லை. நான்காவது இலக்கத்தைப் பார்க்கும்போது விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் சுற்று மூன்று மடங்காகிறது. தப்பிப்பவை இரண்டு மடங்குதான் ஆகின்றன.

எட்டு இலக்கம் வரை பார்த்தால் சுற்று 4374, தப்பிப்பவை 128. இந்த எல்லை வரை 1978-இலேயே சல்லடை முறையால் சரிபார்த்தவர் ஓர் இந்தியர்: ஹன்ஸ்ராஜ் குப்தா. 1902-இல் ராவல்பிண்டியில் பிறந்து பஞ்சாபில் வாழ்ந்த எண்கணித அறிஞர் அவர். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கான பெரிய அட்டவணைகளை, கணிப்பொறி வருவதற்கு முன்பே கையால் கணக்கிட்டுத் தந்தவர். 4374-க்குக் கீழே 0, 2, 8 என்ற மூன்று அடுக்குகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று காட்டினார். 1991-இல் இலான் வார்டி அதே சல்லடையை 2 × 3²⁰ வரை, அதாவது சுமார் 697 கோடி வரை கொண்டுபோனார். 2022-இல் ராபர்ட் சாய் 2 × 3⁴⁵ வரை போனார். அது 59-க்குப் பின்னால் இருபது பூச்சியம் போடுகிற அளவு. அந்தச் சுற்றின் 46 இலக்கங்களில் தப்பிப்பவை மட்டுமே 2⁴⁵, அதாவது சுமார் 35 லட்சம் கோடி. எங்குமே நான்காவது எண் கிடைக்கவில்லை.

இவ்வளவு தூரம் பார்த்தாயிற்றே, இன்னும் என்ன சந்தேகம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எண்களுக்கு முடிவில்லை என்பதே சந்தேகம். 59-க்குப் பின் இருபது பூச்சியம் என்பதும் முடிவிலிக்கு முன்னால் தொடக்கமே.

நிரூபித்தது எவ்வளவு

முழுதும் கைகூடவில்லை என்றாலும் சில உறுதியான அடிகள் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1980-இல் போலந்துக் கணித அறிஞர் நார்கியேவிச் மேலே சொன்ன சல்லடைக் கணக்கையே கூர்மையாக்கி, ஓர் எல்லைக்குள் 2 இல்லாத அடுக்குகள் அதிகபட்சம் எத்தனை இருக்கலாம் என்று காட்டினார். பத்து லட்சம் வரை அவருடைய சூத்திரம் தருவது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் இருப்பது மூன்றே மூன்று. நிரூபணத்துக்கும் உண்மைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அது.

வேறொரு பக்கத்திலிருந்து வந்தவர்கள் செங்கேயும் ஸ்ட்ராஸும். எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ் இளம் வயதில் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தவர். உறவில்லாத இரண்டு அடிமானங்களிலும் ஓர் எண் ஒரே நேரத்தில் எளிமையாகத் தோன்ற முடியாது என்பதே அவர்கள் 1970-களில் நிறுவியதன் சாரம். ஓர் அடிமானத்தில் பூச்சியங்கள் மலிந்து, இலக்கங்களின் கூட்டுத்தொகை சிறியதாக இருந்தால், மற்றதில் அது பெரிதாகியே தீரும். விதிவிலக்குகள் எண்ணிவிடக்கூடிய அளவே. இரண்டின் அடுக்கு இரண்டு அடிமானத்தில் ஒரே ஒரு 1-உம் மீதி எல்லாம் பூச்சியமுமாக இருக்கிறது. அதைவிட எளிமை வேறில்லை. ஆகவே மூன்று அடிமானத்தில் அதன் பூச்சியமல்லாத இலக்கங்கள் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு வேகமாகக் கூடும் என்பதற்குக் கனடாவின் கேமரன் ஸ்டூவர்ட் 1980-இல் ஒரு கீழ்வரம்பு தந்தார். அந்த வரம்பு மிக மெதுவாக, கிட்டத்தட்ட மடக்கையின் வேகத்தில்தான் வளர்கிறது. அட்டவணையில் நாம் காண்பதோ மொத்த இலக்கங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

எனக்கு இந்த முடிவுகளில் மிகவும் பிடித்தது அந்தப் பொது உண்மைதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே எண் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்க முடியாது. சொல்லும்போது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! நிறுவப் போனால் எவ்வளவு ஆழம்!

எட்டுப் பேரில் நால்வர்

இலக்கத்தில் 2 இருக்கிறதா இல்லையா என்பது வெறும் எழுத்து விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. எட்டுப் பேரிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் என்று மேல்நிலை வகுப்பில் படிக்கிறோம். பதினாறு பேரிலிருந்து எண்மரைத் தேர்ந்தெடுக்க 12,870 வழிகள். 70-ஐ 3 வகுக்காது. 12,870-ஐ 3 வகுக்கும், 9-உம் வகுக்கும், 27 வகுக்காது. இதை முன்கூட்டியே சொல்ல ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கும்மர் 1852-இல் ஓர் அழகான விதி தந்தார். தேர்ந்தெடுக்கும் எண்ணை மூன்று அடிமானத்தில் எழுதி, அதையே அதனோடு கூட்டுங்கள். எத்தனை முறை கையில் 1 வருகிறதோ, அத்தனை முறை விடையை 3-ஆல் வகுக்கலாம்.

நான்கு என்பது 11. 11-உம் 11-உம் 22. கையில் எதுவும் வரவில்லை. எனவே 70-ஐ 3 வகுக்காது. எட்டு என்பது 22. 22-உம் 22-உம் கூட்டும்போது கையில் 1 இரண்டு முறை வருகிறது. எனவே 12,870-ஐ 3 இரண்டு முறை வகுக்கும். இப்போது 512 பேரில் 256 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளைப் பாருங்கள். அது 150-க்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட எண். ஆனால் 256 என்பது 100111. கூட்டும்போது கையில் ஒன்றும் வராது. அந்தப் பிரம்மாண்ட எண்ணை 3 வகுக்காது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏர்டிஷின் ஊகம் சரியென்றால், இரட்டித்துப் போகும் இந்தக் கூட்டங்களில் பாதிப் பேரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு 3-ஆல் வகுபடாமல் நிற்பது அதுவே கடைசி முறை.

நம் பத்திலும் இதே கதை

மூன்று அடிமானம் நமக்குப் பழக்கமில்லாதது. பழகிய பத்திலேயே இதற்கு உடன்பிறந்த கேள்விகள் இருக்கின்றன. எல்லா இலக்கமும் இரட்டைப்படையாக உள்ள 2-இன் அடுக்குகள் எவை? 2, 4, 8, 64, 2048. இதற்குமேல் ஒன்றும் கிடைத்ததில்லை. 0 என்ற இலக்கமே இல்லாத அடுக்குகளில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியது எண்பத்தாறாவது: 77371252455336267181195264. அதற்குமேல் இருக்காது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். நிரூபணம் இல்லை.

முனைகளின் கதை இங்கேயும் அதுவே. கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழலும். முதல் இலக்கத்துக்கும் ஒழுங்கு உண்டு. 1-இலிருந்து தொடங்கும் முதல் ஆயிரம் அடுக்குகளில் சரியாக 301 எண்கள் 1 என்ற இலக்கத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொரு புதிய நீளத்திலும் ஒன்றே ஒன்று அப்படித் தொடங்கியாக வேண்டும். 9-இல் தொடங்கும் முதல் எண்ணுக்கு 53-ஆவது அடுக்கு வரை காத்திருக்க வேண்டும்: 9007199254740992. முனையில் வெளிச்சம், நடுவில் இருட்டு.

இப்படிப்பட்ட வரிசைகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தவர் நீல் ஸ்லோன். 1964-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது தன் ஆய்வில் வந்த ஒரு வரிசையை எங்காவது யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடி, கிடைக்காமல், தானே அட்டைகளில் குறித்து வைக்கத் தொடங்கினார். 1973-இல் அது 2,372 வரிசைகள் கொண்ட புத்தகமாயிற்று. 1996-இல் இணையத்துக்கு வந்தது. இன்று அந்தக் களஞ்சியத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் வரிசைகள் உள்ளன. என் மாணவி கரும்பலகையில் எழுதிய வரிசையும் அதில் இருக்கிறது. அடிமானத்தைச் சார்ந்த வரிசைகளுக்கு அங்கே தனி அடையாளமே உண்டு. பிள்ளைகள் தாங்கள் கண்டதை அதில் தேடிப் பார்க்கும்போது, தங்கள் நோட்டுக்கும் உலகக் கணிதத்துக்கும் நடுவே சுவர் ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரு பாடவேளை கொடுங்கள்

பள்ளியில் நாம் கற்பிக்கும் கணிதம் முழுவதும் முடிந்துபோன கணிதம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. ஆசிரியருக்கு அது தெரியும். மாணவரின் வேலை அந்த விடைக்குப் போய்ச் சேர்வது. இப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் படித்த பிள்ளை, கணிதத்தில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்தால் அது பிள்ளையின் குற்றமா? இயற்பியலில் விடை தெரியாத கேள்வியைக் காட்ட விண்வெளிக்கும் அணுவுக்குள்ளும் போக வேண்டியிருக்கிறது. கணிதத்தில் அதற்கு மூன்று வரி வாய்பாடும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். இரட்டிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் பத்து நிமிடத்தில் அறிவின் எல்லைக் கோட்டில் வந்து நிற்கலாம்.

சக ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே. எண் முறைகள் பாடம் நடத்தும்போது ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். மதிப்பெண்ணுக்கு வராது. இரண்டின் அடுக்குகளைப் பிள்ளைகளே மூன்று அடிமானத்தில் இரட்டித்து எழுதட்டும். கையிருப்பு எங்கே பிறக்கிறது, எங்கே நிற்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டட்டும். ஐந்து அடிமானத்திலும் ஏழிலும் எழுதிப் பார்த்துத் தங்களுடைய கேள்விகளைத் தாங்களே கேட்கட்டும். அவற்றில் பலவற்றுக்கும் விடை இருக்காது. அப்போது, “எனக்குத் தெரியாது, இதுவரை யாருக்குமே தெரியாது” என்று தயங்காமல் சொல்லுங்கள். கணிதத்தில் ஒரு பிள்ளைக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, தீர்ந்துபோகாத ஒரு கேள்வியை நம்பி அதன் கையில் ஒப்படைப்பது.